சேலத்துப் பல் டாக்டர்களுக்குப் பயந்த ஆள் ஒருவனின் திறந்த மடல்

சேலம் மாவட்டப் பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நம் ஊரில் பல் டாக்டருக்குப் பஞ்சமே கிடையாது. அரியானூரில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அப்படியிருந்தும் கிராம்பை வைத்து அழுத்தி, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டு, கன்னம் வீங்கி இனி தாங்காது என்று ஆன பிறகுதான் எங்களில் பலர் உங்கள் படி ஏறுகிறோம். காசு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பையில் காசை வைத்துக்கொண்டே வராமல் இருப்பவர்களும் நிறையப் பேர். எங்களுக்கு இருப்பது பயம். நாற்பது, ஐம்பது வயதானவர்களின் பயம் என்பதால் வெளியே சொல்லவும் வெட்கம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். பாலிஷ் மோட்டார் நாள் முழுக்கக் காதருகே கத்தும். நெருப்பும் ஆசிட்டும் அன்றாடம் புழங்குகிற சாமான்கள். விரல் சுட்டால் தண்ணீரில் முக்கிவிட்டு அடுத்த கொலுசை எடுப்பேன். அப்படிப்பட்டவனுக்கு உங்கள் நாற்காலியில் சாய்ந்ததும் உள்ளங்கை நனைந்துவிடுகிறது. உங்கள் டிரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுமாம், அதனால் சத்தம் கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் என்னைப் படுத்துவது சத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டறையில் மோட்டார் சுவிட்ச் என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. உங்கள் அறையில் பெடல் உங்கள் காலடியில் இருக்கிறது. நானோ மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு, பேச முடியாமல் கிடக்கிறேன். எப்போது நிற்கும் என்று தெரியாது. அதுதான் விஷயம்.

அதனால் என் முதல் கோரிக்கை அந்த சுவிட்சில் எங்களுக்கும் ஒரு பங்கு. வேலையைத் தொடங்கும் முன், "இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்று சொல்லுங்கள். உங்களில் பலர் சொல்கிறீர்கள், தெரியும். சொன்னபடி நிறுத்துவதில்தான் சிக்கல். ஒரு முறை நான் கை தூக்கியபோது, "இதோ முடிஞ்சுதுங்க, ஒரே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே வேலை தொடர்ந்தது. அந்த டாக்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் முடித்தால் எனக்கு நல்லது என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு நான் யார் சொல்வதையும் நம்பவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முதல் தடவை கை தூக்குவது பெரும்பாலும் வலியால் இருக்காது. நிறுத்துகிறீர்களா என்று பார்ப்பதற்காகத்தான். தயவுசெய்து அப்போதும் நிறுத்துங்கள்.

அப்புறம் அந்தப் படிவம். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்கிறீர்கள். பயம் உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. நானாகச் சொன்னால், "மீசை வெச்ச ஆம்பளை, பயப்படலாமா?" என்று சிரிப்பு. இதற்கென்றே ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று 1995இல் இருந்து இருக்கிறது. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, டிரில் செய்யும்போது, சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம். தமிழிலும் இருக்கிறது. நான் போட்டுப் பார்த்தேன், நல்ல மார்க். ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் வாயால் சொல்ல வேண்டிய வெட்கம் மிச்சம்.

ஊசி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நீங்கள் இன்று போடும் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து 1943இல் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டு 1948இல் விற்பனைக்கு வந்தது. எங்கள் தாத்தா பாட்டி காலத்துப் பல் பிடுங்கும் கதைகள் அந்த மருந்து நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்வதற்கு முந்தியவை. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்துவிட்டு, இப்போது வலிக்காது என்றால் எப்படி நம்புவோம்? மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று இன்னமும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று அரை நிமிடத்தில் நீங்கள் சொல்லிவிடலாம்.

முதலில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிக் கொஞ்சம் பொறுங்கள். ஊசி மருந்தை மெதுவாக ஏற்றுங்கள். பிறகு நன்றாக மரத்ததா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சீழ் பிடித்த இடத்தில் அமிலத் தன்மை கூடுவதால் மருந்து சரியாகப் பிடிக்காது என்பது உங்களுக்குப் பாடத்திலேயே உண்டு. அப்போது "வலிக்குதுங்க" என்றால், "வலிக்காதே, ஊசி போட்டாச்சே" என்று எங்களோடு வாதாடாதீர்கள். மருந்தோடு அட்ரினலின் கலந்திருப்பதால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அந்தப் படபடப்பை ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துக்கொள்கிறோம். அழுத்தம் தெரியும், இழுப்பது தெரியும், வலி தெரியாது என்று சொல்லி வைத்தால் இழுக்கும்போது துள்ள மாட்டோம்.

இப்போது ஏற்காட்டுக்காரர்கள் விஷயம். மலைக் கிராமத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர், ராத்திரி முழுக்க வலியில் கிடந்து, காலையில் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி உங்களிடம் வருகிறார். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிவிடலாமா என்ற யோசனை வேறு. வந்ததும், "வீக்கமா இருக்கு, மாத்திரை போட்டுட்டு அஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்கிறீர்கள். மருத்துவக் காரணம் இருக்கலாம். ஆனால் பயந்த ஆளை நீங்கள் இழப்பது சரியாக இந்த இடத்தில்தான். மூன்றாம் நாள் வலி நின்றுவிடும். வலிதான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. அது போன பிறகு எஞ்சுவது பயம் மட்டும்தானே? அடுத்த வருஷம் அதே பல் இன்னும் மோசமாக வலிக்கும்போது பார்க்கலாம் என்று மலையிலேயே இருந்துவிடுவார். பல்லுக்குள் இருக்கும் கிருமி மாத்திரையால் போகாது, வலி நின்றாலும் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம் குறித்துக் கொடுத்து, முதல் நாள் யாராவது ஒரு போன் போடுங்கள்.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மனைவி தர்மபுரிப் பக்கம். ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வருவதற்கு முன்பே ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவள், பல்லெல்லாம் பழுப்புக் கறை. "பல்லே விளக்குறதில்லையா?" என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டதற்கு அப்புறம் அவள் எந்தக் கிளினிக்குக்கும் வரவில்லை. டாக்டர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் உள்ளே வருவதற்கு முன் நாங்கள் பார்ப்பது வரவேற்பில் இருப்பவர்களைத்தான். அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.

நேரமும் முக்கியம். மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் காலையில் இருந்தே நடுக்கம், மத்தியானச் சோறு இறங்காது. வந்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பயம் என்று சொல்பவர்களுக்குக் காலை முதல் நேரத்தை ஒதுக்குங்கள். முதல் நாள் வாய்க்குள் எதையும் வைக்காமல் பேசி மட்டும் அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் கூடுதல் நேரம் ஆகும்தான். பேசுவதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குங்கள், நியாயம்தான். எனக்குக் கீழ்க் கடவாய்ப்பல் ஒன்றில் ரூட் கெனால் பாக்கி இருக்கிறது. காலை முதல் ஆளாக வரலாமா, கை தூக்கினால் நிறுத்துவீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் போனில் கேட்பேன். இரண்டுக்கும் சரி என்று சொல்லும் கிளினிக்குக்கு அந்த வேலை.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்காரன்