சைரனுக்கு வழிவிடுகிறோம், சேதத்துக்கு யார் பொறுப்பு?

தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் வாகனங்களை நடத்தும் துறைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஓரமாக, முறைப்படி நிறுத்தியிருந்த பழைய காரை ஒரு தீயணைப்பு வண்டி உரசிவிட்டுப் போகிறது. ஓட்டுநர் மேல் எனக்குக் கோபமே இல்லை. எரிகிற வீட்டுக்குப் போகிறவர் நடுவழியில் நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. என் மனத்தாங்கல், அப்புறம் உங்கள் அலுவலகத்திலிருந்து வரும் பதிலைப் பற்றியது: "அவசரப் பணியில் நடந்தது, துறை பொறுப்பேற்காது."

சட்டம் எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாகக் கைகழுவ விடுவதில்லை. பிரிட்டனில் 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 87ஆவது பிரிவு அவசர வாகனங்களுக்கு வேக வரம்பிலிருந்து விலக்கு தருகிறது. கவனக்குறைவுக்கு விலக்கு தரவில்லை. ஜெர்மனியின் சாலை விதிகளில் 35ஆவது பிரிவும் சிறப்புரிமையைக் கொடுத்துவிட்டு, பொதுப் பாதுகாப்பை உரிய அளவில் கருத்தில் கொண்டே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பாதிக்கப்பட்டவர் பாடு கடினம்: அவசர வாகனங்களுக்குச் சட்டம் தரும் சலுகைக்குள் வரும் செயல் என்றால், ஓட்டுநர் பிறர் பாதுகாப்பைத் துளியும் பொருட்படுத்தவில்லை என்றே காட்ட வேண்டும்.

பொறுப்பை ஏற்றாலும் மதிப்பீட்டில் மாட்டிக்கொள்கிறோம். வயது கூடக்கூட விலை தேய்கிறது என்பது உங்கள் கணக்கு. பழைய கார்களுக்கான உலகக் கூட்டமைப்போ, 30 ஆண்டு தாண்டி, அசல் நிலையில் காக்கப்படும் வண்டியை வரலாற்றுச் சொத்தாகப் பார்க்கிறது. நசுங்கிய மட்கார்டுக்கு மாற்று பெரும்பாலும் கடையில் கிடைக்காது. கைதேர்ந்த டிங்கர் ஒருவர் தகட்டைச் சூடாக்கி, தட்டித் தட்டி, பழைய வளைவைக் கொண்டுவர வேண்டும். பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாதுதான்; ஆனால் விவரம் தெரிந்தவர் காந்தத்தை வைத்துப் பார்ப்பார், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. இந்த வேலைக்கான செலவு உங்கள் தேய்மான விலையைத் தாண்டியதும் "முழு இழப்பு" என்று எழுதி, அந்த விலையை மட்டும் தந்து வண்டியையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். இது அநியாயம்.

தீயை அணைத்தது ஊருக்காக. அதன் செலவை மட்டும் ஒரே ஒருவர் ஏன் சுமக்க வேண்டும்? நிற்கும் வண்டியில் மோதினால், யார் தவறு என்று விசாரிக்காமலே துறையோ அதன் காப்பீடோ இழப்பீடு தரட்டும். ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அந்தப் பயம் அவரை வழியில் தயங்க வைக்கும். மதிப்பைப் பழைய கார்களை அறிந்தவர் சொல்லட்டும். பட்டறையை உரிமையாளர் தேர்ந்தெடுக்கட்டும், வண்டி அவரிடமே இருக்கட்டும். மோதல் நடந்த அன்றே உங்கள் வண்டியின் கேமராப் பதிவை அழியாமல் எடுத்துவைத்து, கேட்பவருக்கு ஒரு நகல் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் ஒன்றைப் பேணி வருபவர்