மேல் பிரிவு சரி, பில் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில், என் மகள் படிக்கும் அமெரிக்கக் கல்லூரியிலேயே தன் மகனையும் சேர்த்திருக்கும் ஒரு தந்தை எழுதியிருந்தார். கல்லூரியின் ஃபுட்பால் அணி (நம் ஊர் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) கீழ்ப் பிரிவான எஃப்.சி.எஸ்.ஸிலிருந்து மேல் பிரிவான எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஏற வேண்டும், தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் கல்லூரியை நிர்வகிக்கும் ட்ரஸ்டிகளுக்கு எழுதி ஆதரவு தர வேண்டும், ஏறினால் நம் பிள்ளைகளின் பட்டத்துக்கே மதிப்பு கூடும் என்பது அவர் வாதம். என் வீட்டுக்காரர் அதை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். நான் மறுபக்கம். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பட்டத்தின் மதிப்பு. இரண்டு பிரிவும் கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான டிவிஷன் ஒன்றுக்குள்தான் இருக்கின்றன. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பினர் 1978-ல் ஃபுட்பாலுக்காக மட்டும் அதை இரண்டாகப் பிரித்தார்கள், 2006-ல் இப்போதைய பெயர்களைச் சூட்டினார்கள். ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் ஆடுவது கீழ்ப் பிரிவான எஃப்.சி.எஸ்.ஸில். அதனால் ஹார்வர்ட் பட்டத்தின் மதிப்பு இறங்கிவிட்டதாக நம்மவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வாதத்தை இதோடு விட்டுவிடலாம்.

நான் ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண் கடைசி வரிக்குத்தான் போகும். மகளின் செமஸ்டர் பில்லில் சுகாதார மையக் கட்டணத்துக்கும் தொழில்நுட்பக் கட்டணத்துக்கும் நடுவே விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி வரும். ஸ்டேடியம் பக்கமே போகாத மாணவனும் கட்டியாக வேண்டும், இரவில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு காலையில் வகுப்புக்கு வரும் மாணவனும் கட்டியாக வேண்டும். எங்கள் கல்லூரி அளவிலான பல இடங்களில் விளையாட்டுத் துறையை ஓட்டுவது டிக்கெட் பணமோ டி.வி. பணமோ அல்ல. இந்த வரியும் கல்லூரியின் பொதுப் பணமும்தான். வர்ஜீனியா மாநிலத்தில் இது அளவு மீறிப் போகிறது என்று 2015-ல் சட்டமே போட்டு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த அளவுக்கு இது கண்ணை உறுத்தும் விஷயம்.

கல்லூரி நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஆலோசனை நிறுவனத்துக்காரர் திரையில் ஒரு படம் காட்டினார். எங்கள் ஸ்டேடியம்தான், ஆனால் இல்லாத ஒரு மேல்மாடம் முளைத்து, அதிலும் ஆள் நிரம்பி வழிந்தது. நவம்பர் மாத ஆட்டங்களில் கீழ் வரிசையே எப்படி இருக்கும் என்பது பேண்டில் டிராம்போன் வாசிக்கும் என் மகளுக்குத் தெரியும். எதிர்ப்பக்கக் காலி பெஞ்சுகளில் மோதி வாசிப்பு எதிரொலிக்கிறதாம், தாளம் தப்பாமல் இருக்க பேண்ட் மாஸ்டரின் கையை மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறதாம். கட்டணம் எவ்வளவு கூடும் என்று ஒரு பெற்றோர் கேட்டார். "மிதமாக" என்று பதில் வந்தது. மிதம் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த எண்கள் இருக்கின்றன. மேலே ஏற விண்ணப்பிக்கும் கட்டணம் முன்பு 5,000 டாலர். 2023 அக்டோபரில் அதை 50 லட்சம் டாலர் ஆக்கினார்கள். நுழைவு வாசலிலேயே ஆயிரம் மடங்கு. ஓர் அணியின் ஸ்காலர்ஷிப் கணக்கில் எஃப்.சி.எஸ்.ஸுக்கு 63, எஃப்.பி.எஸ்.ஸுக்கு 85 என்று நெடுங்காலம் வரம்பு இருந்தது. அந்த 22 இடங்களை ஆண்களுக்குக் கூட்டினால், கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்னும் 1972-ன் டைட்டில் ஒன்பது சட்டப்படி பெண்கள் பக்கமும் சமன் செய்ய வேண்டும். செய்யத்தான் வேண்டும், எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் அதற்கான பணம் அந்தத் திரையில் எங்கேயும் காணோம். வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பே போய்விட்டது. 105 பேர் கொண்ட அணி வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் கொடுக்கலாம். வீரர்களுக்கு நேரடியாகவே பணமும் தரலாம், முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எதிரே நிற்கும் அணி கொடுத்தால், நாம் சும்மா கை கட்டி நின்று எத்தனை ஆட்டம் ஜெயிப்போம்?

சரி, ஏறியவர்கள் என்ன ஆனார்கள்? இதற்கு ஐடஹோ மாநிலத்தைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். அங்கே போய்ஸி ஸ்டேட், ஐடஹோ பல்கலைக்கழகம் என்ற இரண்டும் 1996-ல் ஒரே ஆண்டில், ஒரே லீகுக்கு, அதாவது தங்களுக்குள் ஆடும் ஒரே கல்லூரிக் குழுவுக்கு, ஏறின. போய்ஸி, மாநிலத் தலைநகரம். வளர்ந்துகொண்டே போன ஊர், உள்ளூர் வியாபாரிகள், நீல நிறப் புல்தரை. 2007 புத்தாண்டு தினத்தில் ஃபியஸ்டா பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 43-42 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தார்கள். ஏற வேண்டும் என்கிறவர்கள் எல்லோரும் காட்டும் ஆட்டம் அது. என் வீட்டுக்காரர் அதை இன்னும் யூடியூபில் போட்டுப் பார்க்கிறார், முடிவு தெரிந்தும் கத்துகிறார்.

ஐடஹோ பல்கலைக்கழகம் இருப்பது மாஸ்கோ என்ற சின்ன ஊரில். அவர்கள் ஆடும் கிப்பி டோமில் சுமார் 16,000 பேர்தான் உட்காரலாம். மேல் பிரிவுக்கு அது போதாது என்று, 1999, 2000 ஆண்டுகளில் பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், இன்னொரு கல்லூரியின் ஸ்டேடியத்தில் போய் "சொந்த மைதான" ஆட்டங்களை ஆடினார்கள். லீகுகள் கலைந்து மாறியபோது கடைசியில் கிடைத்த இடம் சன் பெல்ட். வெயில் பிரதேசம் என்று பெயரே சொல்கிறதே, ஜார்ஜியா, அலபாமா, டெக்சாஸ் பக்கத்துக் கல்லூரிகள். வடமேற்கு மூலையிலிருந்து நாட்டையே குறுக்கே கடந்து ஆடப் போக வேண்டும். ரசிகர்கள் காரில் பின்தொடர முடியாது. 2016-ல் அந்த லீகும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பல்கலைக்கழகம் 2018-ல் தானாகவே எஃப்.சி.எஸ்.ஸுக்கு இறங்கி, பழைய பக்கத்து வீட்டு எதிரிகளான மொன்டானா, ஈஸ்டர்ன் வாஷிங்டனோடு சேர்ந்துகொண்டது. தானே விரும்பி இறங்கிய முதல் கல்லூரி அதுதான். அப்புறம் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் எஃப்.சி.எஸ். பிளேஆஃபுக்குப் போனார்கள்.

இரண்டு கல்லூரிக்கும் ஆசை ஒன்றுதான். சுற்றியிருந்த ஊரும், கூப்பிட்ட லீகும் வேறு. எங்கள் கல்லூரி இருப்பது சோளக்காட்டு நடுவே. எது மாதிரி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தையும் சொல்ல வேண்டும். 1998-ல் கீழ்ப் பிரிவில் தேசிய சாம்பியன். 2012-ல் மேலே ஏறி, முதல் இரண்டு ஆண்டு சொந்த ஆட்டங்களைத் தங்கள் ஊரான ஆம்ஹர்ஸ்டை விட்டு ஃபாக்ஸ்பரோவில், தொழில்முறை அணியின் பிரம்மாண்டமான ஸ்டேடியத்தில் நடத்தினார்கள். விடுதியிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரப் பயணம். இரண்டு ஆண்டும் 1 வெற்றி, 11 தோல்வி. 2019-லும் அதே 1-11. நம் ஊர்க் கோவில் திருவிழாவை அடுத்த ஜில்லாவில் நடத்தினால் யார் போவார்கள்?

இப்போது என் வீட்டுக்காரரின் பக்கம், ஏனென்றால் அதை விட்டால் வீட்டில் சாப்பாடு இறங்காது. அவர் சொல்வது ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தை. 2022-ல் ஏறினார்கள், 2023-ல் முதல் பத்து ஆட்டமும் வெற்றி, 2025 சீசனில் தேசிய பிளேஆஃபின் 12 அணிகளுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். மூன்று நான்கு ஆண்டில் இப்படி ஒரு வளர்ச்சி, உண்மைதான், நானும் கைதட்டினேன். ஆனால் இடையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023-ல் பத்துக்குப் பத்து ஜெயித்தும், புதிதாக ஏறியவர்களுக்கான மாறுதல் காலம் முடியவில்லை என்று அவர்களுக்கு சீசன் முடிவு ஆட்டத்துக்கான விதிவிலக்கை மறுத்துவிட்டார்கள். தகுதி பெற்ற அணிகள் போதவில்லை என்பதால்தான் கடைசியில் ஒரு பௌல் ஆட்டம் கிடைத்தது. அந்த சீசன் முடிந்ததும் கோச் கர்ட் சிக்னெட்டி இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். நல்ல வீரர்கள் பலரும் கூடவே போனார்கள். மேலே ஏறி ஜெயித்தால், இன்னும் மேலே இருப்பவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

இங்கேயே இருந்தாலும் அள்ளிக்கொண்டுதானே போகிறார்கள் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் நன்றாக ஆடினால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் இழப்பு ஒன்றுதான் என்றால், 50 லட்சம் கொடுத்து இழப்பானேன்?

இங்கே தங்கினால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்ப்போம். எங்கள் லீகில் ஆடிய நார்த் டகோட்டா ஸ்டேட் 2011 சீசன் முதல் 2024 சீசன் வரை 10 முறை எஃப்.சி.எஸ். சாம்பியன். கீழ்ப் பிரிவில் 24 அணிகள் பிளேஆஃப் ஆடுகின்றன, தொடக்கச் சுற்றுகள் கல்லூரி வளாகத்திலேயே நடக்கும், டிசம்பர் குளிரில் கம்பளியோடு போய்ப் பார்க்கலாம். மேல் பிரிவில் 12 பேர் பிளேஆஃபில், சிறிய லீகுகள் அனைத்துக்கும் சேர்த்து உறுதியாகக் கிடைப்பது ஒரே ஓர் இடம். விளம்பரம் வேண்டும் என்கிறார்களா? 2007 செப்டம்பர் 1 அன்று மேல் பிரிவின் பெரிய அணியான மிச்சிகனின் சொந்த மைதானத்தில், லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்க்க, அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று ஜெயித்தது. கடைசி நொடிகளில் மிச்சிகன் ஜெயிப்பதற்காக உதைத்த ஃபீல்ட் கோலைத் தடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க அந்தக் கல்லூரியின் பெயர் தெரிந்தது அன்றைக்கு. அன்று அவர்கள் எஃப்.சி.எஸ். அணி. மேலே ஏறியது 2014-ல்தான்.

இன்னொன்று, கூட்டத்தில் யாரும் பேசாதது. ஜெயித்தால் மட்டும் ஏற முடியாது, ஒரு லீக் அழைக்க வேண்டும். 2025-ல் சாக்ரமென்டோ ஸ்டேட் லீக் அழைப்பு இல்லாமல் தனியாக ஏறப் பார்த்தது, விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். எங்களை அழைக்கக்கூடியது என்று பேசப்படும் இரண்டு லீகுகளில் ஒன்று நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறது, டி.வி.க்கு அதுதான் வசதி. இன்னொன்று கிழக்கே டெலவேரிலிருந்து தெற்கே மயாமி, மேற்கே நியூ மெக்சிகோ வரை பரந்து கிடக்கிறது. எங்கள் லீகிலிருந்த மிசௌரி ஸ்டேட் 2025-ல் அதில்தான் சேர்ந்தது. அவர்களைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்களுக்கும் கை அரிக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை வரை டிராம்போன் வாசித்துவிட்டு புதன் காலை எட்டு மணிக்கு என் மகள் வேதியியல் லேபில் நிற்பாள். ஆட்டக்காரப் பிள்ளைகள் விமானத்திலிருந்து இறங்கி நேரே வகுப்புக்குப் போவார்கள், போனால்.

ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரில் போய் வரும் தூரத்தில் இருக்கும் லீக் எழுத்தில் அழைக்கட்டும். மாணவர் கட்டணம் பத்து ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் போகாது என்று ட்ரஸ்டிகள் எண்ணைப் போட்டுக் கையெழுத்திடட்டும், மீதியை ஆசைப்படும் பழைய மாணவர்களும் வியாபாரிகளும் முன்கூட்டியே வங்கியில் கட்டட்டும். கட்டினால் நானே ஃப்ரிட்ஜில் இரண்டாவது காந்தம் வைக்கிறேன். உங்கள் வாசகரான அந்தத் தந்தைக்கும் ஒரு வேண்டுகோள்: ட்ரஸ்டிகளுக்கு எழுதும்போது, உங்கள் மகனின் பில்லில் அந்த வரி இப்போது எவ்வளவு, ஏறிய ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள், எனக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த மாதம் ட்ரஸ்டிகள் கூட்டம். பேச விரும்பும் பெற்றோருக்குத் தலைக்கு மூன்று நிமிடம். நான் பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு அடுத்ததாக என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, ஆதரவாகப் பேசுவதற்கு. இருவரும் ஒரே காரில்தான் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு டிராம்போன்காரியின் அம்மா,
அமெரிக்கா