நிதி வெட்டை மறைக்காதீர்கள்: நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றும் நூலகர்களுக்கு,

வணக்கம். நான் நூலகர் இல்லை. உங்களை நம்பிப் பாடம் நடத்தி, ஆய்வு செய்து, நிதிக் குழுக் கூட்டங்களிலும் உட்கார்ந்து எழும் ஓர் ஆசிரியர். அந்த மேசையில் இருந்து பார்க்கும்போது தெரிகிற ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். நூலகத்துக்கான பணம் குறைக்கப்படும்போது நீங்கள் அதைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்கிறீர்கள். அந்தப் பொறுமைதான் அடுத்த வெட்டுக்கு வழி செய்து கொடுக்கிறது.

ஒருவர் ஓய்வு பெறுகிறார், இடம் நிரப்பப்படுவதில்லை, இருப்பவர்கள் அவர் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள். நிறுத்தப்பட்ட இதழில் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் வேறொரு நூலகத்திடம் கேட்டு வாங்கித் தருகிறார்கள். வாசகருக்கு ஒன்றும் குறையவில்லை. குழுவில் எழும் பேச்சும் அதுதான்: "போன ஆண்டு குறைத்தோமே, ஒரு புகார்கூட வரவில்லை." உங்கள் ஊழியர்கள் வீட்டுக்குப் போகாமல் உழைத்த நேரம் எந்த அறிக்கையிலும் இல்லை. ஆகவே, ஒரு பணியிடம் போனால் அதோடு எந்தச் சேவை நிற்கிறது என்று எழுதி அறிவியுங்கள், அறிவித்தபடி நிறுத்தவும் செய்யுங்கள். கடினமான யோசனைதான். வாசகரைத் திருப்பி அனுப்புவது உங்கள் இயல்புக்கே எதிரானது என்பதும் தெரியும். ஆனால் இழப்பு உங்கள் முதுகில் மட்டும் விழுந்துகொண்டிருக்கும் வரை வேறு யாருக்கும் அது இழப்பாகத் தெரியாது.

இன்னொரு சிக்கல், உங்கள் வேலை நன்றாக நடக்கும்போது கண்ணில் படுவதே இல்லை. கூகுள் ஸ்காலரில் தேடி ஒரே சொடுக்கில் கட்டுரையைத் திறக்கும் மாணவர், அது இணையத்தில் சும்மா கிடக்கிறது என்றே நம்புகிறார். வளாகத்தின் ஐபி முகவரியைப் பதிப்பகத்தின் தளம் அடையாளம் கண்டு உள்ளே விடுகிறது, அதற்கு நூலகம் சந்தா கட்டியிருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. பல பேராசிரியர்களுக்கும் இதே நிலைதான். நூலகத்தின் பெயரைக் காட்டும் வசதி பல பதிப்பகத் தளங்களில் உண்டு. கூகுள் ஸ்காலரின் தேடல் முடிவுகளிலும் நூலக இணைப்பின் பெயரை நீங்களே வைக்கலாம். சின்ன வேலை, இந்த வாரமே செய்துவிடலாம்.

அடுத்து ஆண்டறிக்கை. எத்தனை நூல்கள் இருக்கின்றன, எத்தனை பேர் வாசலைத் தாண்டி வந்தார்கள், எத்தனை பதிவிறக்கங்கள் நடந்தன என்ற பட்டியலை நாங்கள் புரட்டிவிட்டு மூடிவிடுகிறோம். என்னை நிமிர்ந்து உட்கார வைக்கக்கூடிய எண் வேறு. மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணுவதற்கான பொது நெறிமுறையான கவுன்டரின்படி (COUNTER) பதிப்பகங்கள் தரும் பயன்பாட்டு அறிக்கைகளில், உரிமம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட முயற்சிகளும் தனியாகப் பதிவாகின்றன. எந்த இதழை எத்தனை முறை தட்டிப் பார்த்துக் கிடைக்காமல் திரும்பினார்கள் என்பது அதில் இருக்கிறது. அதைத் துறைத்தலைவர்களுக்கு நேராக அனுப்புங்கள்.

ஒரு பயன்பாட்டுக்கு ஆகும் செலவு என்ற கணக்கை மட்டும் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். கணிதம் போன்ற துறைகளில் வாசகர்கள் குறைவு, பழைய கட்டுரைகளின் ஆயுளோ நீளம். அந்தக் கணக்கில் எப்போதும் சிறிய துறைகளே தோற்கும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. உங்களால் மிச்சமான நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஒரு தலைப்பில் வெளிவந்த ஆய்வுகளை முறையாகத் திரட்டி மதிப்பிடும் முறைசார் இலக்கிய மீளாய்வுக்குத் தேடலை வடிவமைத்துத் தரும் நூலகர் ஆய்வுக் குழுவுக்கு எத்தனை வாரங்களை மிச்சப்படுத்துகிறார் என்பதை அந்தக் குழுவே எழுதித் தரட்டும்.

இதைத்தான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நூலகத்துக்காக நூலகர் மட்டுமே பேசினால், அது ஒரு துறை தன் பங்கைக் கேட்பதாகவே காதில் விழுகிறது. 2012 ஏப்ரலில் ஹார்வர்டில், இதழ்ச் சந்தா ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலரை நெருங்கிவிட்டது, இனித் தாங்காது என்று ஆசிரியர்களுக்கு அறிக்கை எழுதியது நூலகத்துக்கான ஆசிரியர் ஆலோசனைக் குழு. அதனால்தான் அது உலகமெங்கும் பேசப்பட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் பதிப்பகத்துடனான சந்தாப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டபோது ஆசிரியர் பேரவை நூலகங்களுக்குப் பின்னால் நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அங்குள்ள 30க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், எல்செவியரின் செல் பிரஸ் இதழ்களுக்கான பதிப்பாசிரியர் குழுப் பணியை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் வந்தது. இந்த ஆதரவு திடீரென்று வந்ததல்ல. 2018ஆம் ஆண்டே நூலகங்களும் ஆசிரியர் குழுக்களும் கூட்டாக அறிக்கை வெளியிட்டிருந்தன. உங்கள் நிறுவனம் அவ்வளவு பெரியதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பட்ஜெட் மாதத்தில் அல்ல, அதற்கு வெகு முன்பே ஆசிரியர்களோடு பேசத் தொடங்கியிருந்தார்களே, அதை எந்த நூலகரும் செய்யலாம். எங்களிடம் வந்து கேளுங்கள். யாரும் கேட்காததால்தான் எங்களில் பலர் வாய் திறக்கவில்லை.

மாணவர் வெற்றிக்கும் நூலகத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும்படி இப்போது நிர்வாகங்கள் கேட்கின்றன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளிவந்த ஆய்வில், நூலகத்தைப் பயன்படுத்திய முதலாண்டு மாணவர்களின் மதிப்பெண் சராசரி மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, படிப்பைத் தொடர்ந்தவர்களும் அவர்களில் அதிகம். நல்ல சான்று. ஆனால் முனைப்புள்ள மாணவர்தானே நூலகத்துக்கு வருகிறார் என்று குழுவில் ஒருவர் கேட்பார், அந்தக் கேள்வியும் நியாயமானது. நூலகம்தான் காரணம் என்று அடித்துப் பேசாமல், தொடர்பு இருக்கிறது என்ற அளவில் நில்லுங்கள். கூடவே, இத்தகைய கணக்குக்காக யார் எதைப் படித்தார் என்ற பதிவைச் சேர்த்து வைக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். வாசகரின் இரகசியத்தைக் காப்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1939ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. பணத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று அது.

கடைசியாக ஒரு நடைமுறைக் கோரிக்கை. புதிய பட்டப்படிப்புக்கு அனுமதி கேட்டு வரும் கோப்புகளில் ஆசிரியர், வகுப்பறை, ஆய்வகம் எல்லாவற்றுக்கும் செலவு போட்டிருக்கும். நூலகத்துக்கான வரி பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது "இருப்பதே போதும்" என்று யாரோ ஒருவர் நூலகரைக் கேட்காமலே எழுதியிருப்பார். படிப்பு தொடங்கிய பிறகு அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். நூலகர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கோப்பு நகரக் கூடாது என்று கல்விக் குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். நூலகருக்கு அங்கே இடமில்லை என்றால், இடமுள்ள ஓர் ஆசிரியரிடம் வரைவைக் கொடுங்கள். நான் முன்மொழிகிறேன், வழிமொழிய ஆளும் சேர்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்