கிதார் இரைச்சலுக்காக எர்த்தைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் குமரி மாவட்டத்துத் திருவிழா மேடைகளில் கிதார் ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் உடனே பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் குறையலாம், சரி, ஆனால் ஆம்பில் மின்கசிவு வந்தால் கிதார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைக்கும் பிள்ளையின் உயிரே போய்விடலாம்.

பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் அப்படி இரைகிறது. ஆம்புக்கும் சவுண்ட் மிக்சருக்கும் ஒரே பிளக் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுத்தாலே பல மேடைகளில் அடங்கிவிடும். கிதாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் கொண்ட ‘சிங்கிள் காயில்’ வகை என்றால் சீரியல் செட், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை விட்டுத் தள்ளி நின்று கிதாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள், இரைச்சல் ஏறி இறங்குவது காதிலேயே தெரியும்.

அப்புறம், பந்தல் போடும்போதே எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதிக்க விழாக் கமிட்டிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர், மார்த்தாண்டம்