பேவர் பிளாக்கைப் பெயர்த்து மணல் போடுங்கள்

வேலூர் வட்டாரத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தரும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். தாங்கள் கட்டித் தந்த குடியிருப்பு ஒன்றில் சறுக்குமரத்திலிருந்து விழுந்த சிறுமிக்குக் கை முறிந்தது. உடனே விளையாட்டிடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டீர்கள். மற்ற விவரமெல்லாம் தங்கள் கோப்பில் இருக்கும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சறுக்குமரத்தடியில் பதித்த பேவர் பிளாக்கைப் பெயர்த்து மணல் போடுங்கள், பூட்டைத் திறந்துவிடுங்கள்.

கையை முறித்தது சறுக்குமரம் அல்ல, தரை. நாலடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையின் வேகத்தைச் சிமெண்ட் கல் துளியும் தாங்கிக்கொள்ளாது. மணல் விலகிக் கொடுக்கும். ஆனால் மேலாகத் தூவினால் பயனில்லை. ஒன்றரை அடி தோண்டி, அடியில் அரையடிக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் வடிகட்டும் துணி, அதற்குமேல் ஓரடி மணல். எட்டடி நீளச் சறுக்குமரத்துக்குச் சுற்றிலும் ஆறடி விட்டால் 20 அடிக்கு 20 அடி போதும். 400 கன அடி, அதாவது நாலே யூனிட். கழுவிச் சலித்த ஆற்றுமணலாக இருக்கட்டும்; எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணலில்) உள்ள தூள் மழையில் நனைந்து காய்ந்தால் இறுகிப்போகும், பிறகு அதுவும் தரைதான். ஜல்லிக்கு அடியில் தண்ணீர் வெளியேறக் குழாய் வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் குட்டையாகிவிடும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாய், பூனை அசுத்தம் செய்யாமலிருக்க இரவில் வலை போட்டு மூட வேண்டும்.

அடுத்தது வெயில். தகட்டுச் சறுக்குமரத்தை வடக்குப் பார்த்து வைத்தால் சுடாது என்பது, சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் குளிர்நாட்டுக் கணக்கு. கத்தரி வெயிலில் வேலூருக்கு உச்சிப்பொழுதுச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது. இங்கே நிழல் ஒன்றே வழி. கட்டடத்துக்குக் கிழக்கே இடம் ஒதுக்கினால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் கட்டடமே நிழல் தரும். புங்கமரம் நட்டு, அது வளரும்வரை நிழல்வலை கட்டலாம்.

இதையெல்லாம் வரைபடம் போடும்போதே யோசித்திருக்க வேண்டாமா? வண்டி நிறுத்த இடம், மின்மாற்றிக்கு இடம், கழிவுநீர்த் தொட்டிக்கு இடம் என்று ஒதுக்கியபின் மிஞ்சும் மூலைக்குத்தான் ‘குழந்தைகள் விளையாட்டிடம்’ என்று பெயர் எழுதுகிறீர்கள். வீட்டு வாசலில் பீடி சுற்றும் தாயின் கண்ணுக்கு அந்த மூலை தெரியாது. கண்ணுக்கு மறைவான இடத்துக்கு மூன்று வயதுப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? ஏறக்குறைய 320 சதுர அடி வீட்டில் பாய் விரித்தால் நடக்கவே இடமில்லை. பூட்டுக்குப் பிறகு பிள்ளைகள் மாடிப்படியில் விளையாடுகிறார்கள். அங்கே விழுந்தால் என்ன செய்வீர்கள்? படிக்கட்டுக்கும் பூட்டா?

மன்னிக்கவும், ஆற்றாமையில் குரல் உயர்ந்துவிட்டது.

சறுக்குமரமும் ஊஞ்சலும் மட்டுமே விளையாட்டிடம் ஆகிவிடாது. கருங்கல்லுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. திண்ணை உயரத்தில் ஒரு பலகைக்கல் வைத்து 14 பல்லாங்குழிகள் குடையுங்கள். எண்ணலும் பகிர்வும் தானே வரும். இன்னொரு கல்லில் ஆடுபுலிக் கட்டம் செதுக்குங்கள். 3 புலியை 15 ஆடு மடக்கப் பார்ப்பதில் முன்யோசனை வளரும். கீழ்த்தளச் சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி முதல் நாலடி வரை கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் கை எட்டும். கம்பித் தடுப்புகளில் இடைவெளி 9 செ.மீ.க்குக் கீழே இருக்கட்டும். அதைவிட அகன்றால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

இனி கட்டும் குடியிருப்புகளில் இவற்றைச் சேர்க்கலாம். ஆனால் மணலுக்குப் புதுத் திட்டம் வரவேண்டியதில்லை. முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை விடுமுன் பேவர் பிளாக்கைப் பெயர்த்து மணல் போட்டு, பூட்டைத் திறந்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சாவியைக் குடியிருப்போர் சங்கத்துப் பெண்களிடம் கொடுங்கள். மணலைக் கிளறுவதையும் இரவில் வலை மூடுவதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
விளையாட்டிட வடிவமைப்பில் ஈடுபட்டுள்ளோர்,
வேலூர்