பவரைக் குறைக்கும் முன் போல்ட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வானொலிக் கோபுரங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஒலிபரப்பின் பவரைக் குறைத்துவிட்டால் அக்கம்பக்கத்து ரேடியோக்களில் வரும் குறுக்கீட்டுத் தொந்தரவு தீரும் என்கிறது. டிரான்ஸ்மிட்டர் (ஒலிபரப்புக் கருவி) பராமரிப்பிலேயே காலம் தள்ளியவன் நான். இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொந்தரவு கொஞ்சம் அடங்கும், சரி. கூடவே தூரத்தில் கேட்பவர்களுக்கு நிலையமும் கிடைக்காமல் போகும்.

2005ஆம் ஆண்டின் தனியார் எஃப்எம் கொள்கைக்குப் பின் நகரங்களில் தனியார் எஃப்எம் நிலையங்கள் ஒரே கோபுரத்தில் கூடின. அப்படி நெருங்கி நிற்கும் இரண்டு அலைவரிசைகள் எங்காவது கலந்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். சென்னையின் 106.4, 98.3 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 114.5 மெகாஹெர்ட்ஸ். அது விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளின் அலைவரிசைப் பட்டை. அங்கே இப்போது கோளாறு என்று நான் சொல்லவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன். விமான ரிசீவர்கள் எஃப்எம் குறுக்கீட்டைத் தாங்க வேண்டும் என்ற சர்வதேச விதி 1998 ஜனவரியில் அமலுக்கு வந்ததும் இந்தக் கவலையால்தான்.

கலப்பது எங்கே? வேறு அலைவரிசைகளைத் தடுக்கும் ஃபில்டரின் டியூனிங் நகர்ந்துவிட்டால், பக்கத்து நிலையத்தின் சிக்னல் நம் டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குள்ளேயே புகுந்து கலக்கும். அது மீட்டரில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது துரு. துருப்பிடித்த இணைப்பு மின்னோட்டத்தை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விடும். மின்னோட்டத்தை ஒருவழிப்படுத்தும் டையோடு செய்யும் அதே வேலை; அந்த இடத்தில்தான் அலைவரிசைகள் கலக்கும். போல்ட், கிளாம்பு, முள்வேலி, தகரக் கூரை எதுவானாலும் போதும்.

நான் இருந்த மீடியம்வேவ் நிலையத்தில் முள்வேலிக் கம்பிகள் லேசாக உரசும் இடத்தில் பொறி பறக்கும். பொறியிலிருந்தே செய்தி வாசிப்பது கேட்கும்! புதிதாக வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவோம். ஆனால் அதே வேலிதான் பக்கத்துத் தெரு ரேடியோக்களில் இரண்டு நிலையங்களைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் புகார் நிற்கும், காய்ந்தால் மறுபடி வரும். கையடக்க ரேடியோவோடு வேலி ஓரமாக நடந்து, மூட்டுமூட்டாகக் குச்சியால் தட்டினோம். ஒரு மூட்டில் தட்டியதும் இரைச்சல் அறுந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, செம்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து எர்த் கொடுத்தோம். பவரில் ஒரு வாட் கூடக் குறைக்கவில்லை.

பொதுக் கோபுரத்தில் இது இன்னும் சிக்கல். டிரான்ஸ்மிட்டருக்கு அவரவர் பொறுப்பு; கைப்பிடிக் கம்பிக்கும் வேலிக்கும் யார்? உரிமம் புதுப்பிக்கும்போது அந்தப் பொறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். மழைக்காலம் முடிந்து எல்லாம் காய்ந்தபின், ஆண்டுக்கு ஒருமுறையாவது எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்து அளந்து, முடிவை வெளியிடவும் வேண்டும்.

ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர்,
சென்னை