கொரோகாவுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். பப்புவா நியூ கினிக்கு, கொரோகா பக்கத்து மலைக்கிராமப் பள்ளிக்கு, இரண்டு வருட ஊழியமாகப் போகிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது.

வழியனுப்பும் கூட்டத்தில் யாராவது, "இருளில் கிடக்கிற தேசத்துக்கு வெளிச்சம் கொண்டுபோகிறாய்" என்று சொல்வார்கள். அந்த வார்த்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போ. ஜெர்மன் லூத்தரன் மிஷனரி யோஹான் ஃபிளையர்ல் அந்நாட்டுக் கடலோர ஊரான ஃபின்ஷ்ஹாஃபனில் வந்து இறங்கியது 1886-ல். அதற்கும் முன்பே, 1870-களில், லாயல்டி தீவுகளிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். பலர் காய்ச்சலில் அங்கேயே அடக்கமானார்கள். மலைநாட்டுக்குச் சுவிசேஷத்தைச் சுமந்து ஏறியவர்களில் கடலோரக் கிராமத்து உபதேசிமார் ஏராளம். இன்று அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஜெபிக்கத் தெரிந்த வீட்டுக்கு நீ விருந்தாளியாகப் போகிறாய்.

விருந்தாளியின் முதல் வேலை அந்த வீட்டின் பேச்சைக் கற்பது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. பொதுப்பேச்சு டோக் பிசின். வகுப்பறையில் ஆங்கிலம் போதும், அடுப்பங்கரையில் போதாது. டோக் பிசின் சொற்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம் போலவே ஒலிக்கும். சறுக்குவது அங்கேதான். 'டுமாஸ்' என்றால் 'மிகவும்'. அளவுக்கு மீறியது என்று எடுத்துக்கொள்ளாதே. 'கிலிம்' என்றால் அடித்தான் என்றுதான் அர்த்தம். 'கிலிம் இ டாய்' என்றால்தான் கொன்றுவிட்டான். பையன் ஓடிவந்து முதலாவதைச் சொன்னதும் நீ பதறக் கூடாது.

தமிழனுக்கு அங்கே ஒரு பெரிய அனுகூலம் உண்டு. நம்முடைய 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு அப்படியே இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் 'யுமி', சேர்க்காவிட்டால் 'மிபெலா'. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இதில் வெகுகாலம் தடுமாறுவார்கள். 'எங்கள் பிதாவே' என்று நாம் ஜெபிப்பதைப் போலவே அங்கும் 'பாப்பா பிலோங் மிபெலா' என்பார்கள். ஆனால் பிரசங்கத்தில் 'மிபெலா' என்றால் சபையாரை வெளியே நிறுத்திவிட்டாய். வண்டி ஏறும்போது 'யுமி கோ' என்றால் நின்றவர்கள் எல்லோரையும் அழைத்துவிட்டாய்; பிறகு இடமில்லை என்று சொல்ல முடியாது. மனந்திரும்புதலுக்கு அவர்கள் சொல்வது 'டனிம் பெல்', வயிற்றைத் திருப்புதல். உணர்ச்சி குடியிருக்கும் இடம் வயிறு. வயிறெரிகிறது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன?

முதல் மூன்று மாதம் பிரசங்கம் வேண்டாம். காலையில் ஒரு பெரியவரிடம் பத்து வாக்கியம் கேட்டு, அனுமதியோடு போனில் பதிவு செய். அதே பத்தை மாலைக்குள் ஐந்து பேரிடம் பேசு. திருத்துவார்கள், சிரிப்பார்கள். இரண்டுமே நல்லது.

கொரோகா ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். மலேரியா குறைவுதான், ஆனால் லே, மடாங் என்று கடலோரம் இறங்கினால் நிலைமை வேறு. மருத்துவர் மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தால் தினம் 100 மில்லிகிராம். இறங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம். பலர் தவறுவது இந்த நான்கு வாரத்தில். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காதே, உணவுக்குழாய் புண்ணாகும். இந்த மாத்திரை எடுக்கும்போது வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி அவசியம். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலை எழுப்பும். அதற்கான பிரிமாக்வின் மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்கு ரத்த அணுக்கள் உடையும். அந்த ஆபத்து உனக்கு உண்டா என்று காட்டும் ஜி6பிடி ரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்து, முடிவை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்.

அடுத்தது பணம். 'வன்டோக்' என்றால் ஒரே பேச்சுக்காரர், அதாவது உறவு. உறவு என்றால் கொடுக்கல் வாங்கல். பள்ளிக் கட்டணம், துக்க வீடு, பஸ் காசு என்று கேட்டு வருவார்கள். அதைப் பிச்சை என்று நினைத்தால் பெரிய பிழை. கேட்பதே உன்னை உள்ளே சேர்த்ததற்கு அடையாளம். மாதம் இவ்வளவு கினா (அந்நாட்டுப் பணம்) என்று சபை மூப்பரோடு பேசி வரையறுத்துக்கொள். பெரிய தொகையை அவர் வழியாகவே கொடு. திரும்ப வராவிட்டால் மனம் கசக்கும் என்று தோன்றுகிற தொகையைக் கடனாகக் கொடுக்காதே. சூடான கற்கள் அடுக்கி வாழையிலை மூடி வேகவைத்த முமுவில் உனக்கும் பங்கு வைத்தால், சில வாரத்துக்குள் நீயும் எதையாவது கொண்டுபோய்க் கொடு. வாங்கிக்கொண்டே இருப்பவனை அங்கே மதிக்க மாட்டார்கள்.

போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலை கிடையாது. உள்கிராமங்களுக்குச் சிறுவிமானம்தான், பையோடு உன்னையும் எடை போடுவார்கள். மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்குகளை மேகம் மூடிவிடும், காலையில் தவறிய விமானம் மறுநாள்தான். வெளிநாட்டு விமானத்துக்கும் இதற்கும் இடையே இரண்டு நாளாவது விட்டு டிக்கெட் எடு. பருப்பு, விதை, மசாலா எதைக் கொண்டுபோனாலும் சுங்கப் படிவத்தில் எழுதிவிடு.

ஏறுவதற்கு முன் மனப்பாடம் செய்ய ஒரு வாக்கியம்: 'மி நோ கிளியா, டோக் இசி இசி.' எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்